மெதுசாவுக்கு முகமூடி செய்யும் குழந்தைகள்

இங்கிலாந்தில் 7 வயதிலிருந்து 11 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பாடத்திட்டத்தில் "பண்டைய கிரேக்கம்" ஒரு வரலாற்றுப் பாடம். அந்தப் பாடம் நடக்கும் வாரங்களில் வகுப்பறையைப் பார்த்தால் ஒரே அமர்க்களமாக இருக்கும். காகிதத் தட்டில் செய்த மெதுசா முகமூடி, அதில் தலைமுடிக்குப் பதில் பச்சைக் காகிதப் பாம்புகள். செருப்பு டப்பாவுக்குள் ஒரு சுற்றுவழிக் கோட்டை, நடுவில் களிமண்ணால் பிடித்த மாட்டுத்தலை மினோட்டார். அட்டையில் வெட்டிய டிராய் குதிரை. கையெல்லாம் பெயிண்ட், தரையெல்லாம் பசை!

பார்ப்பவர்களுக்கு இது சும்மா விளையாட்டு போலத்தான் தெரியும். "வரலாறு படிக்கச் சொன்னால் பொம்மை செய்துகொண்டிருக்கிறார்கள்" என்று சில பெற்றோர் முணுமுணுக்கவும் செய்யலாம். ஆனால் கிரேக்கப் புராணக் கதைகள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களாக எப்படிப் பிழைத்து வந்தன என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் வேறு விஷயம் புரியும்.

முதலில் வரைந்தவர்கள் யார்?

கி.மு. 6ம் நூற்றாண்டு. ஏதென்ஸ் நகரத்தில் குயவர்கள் வாழ்ந்த பகுதிக்கு கெராமெய்க்கோஸ் என்று பெயர். தேசியஸ், ஹெராக்ளிஸ், அக்கிலிஸ் எல்லாரும் அங்கேதான் பானை மேல் படமாக ஏறினார்கள். இவற்றை வரைந்தவர்கள் பண்டிதர்கள் இல்லை, கைத்தொழிலாளிகள். அதிலும் பலர் உள்ளூர்க்காரர்களே இல்லையோ என்று பெயரைப் பார்த்தால் தோன்றுகிறது. ஒருவர் பெயர் லிடோஸ், அதாவது "லிடியாக்காரன்". இன்னொருவர் ஸ்கித்தெஸ், "சித்தியன்". அமாசிஸ் என்று ஒரு குயவர், அது எகிப்து மன்னன் ஒருவனின் பெயர்.

இது பக்கா வியாபாரமும்கூட. ஏதென்ஸ் பானைகள் கப்பலேறி இத்தாலிக்குப் போயின. 1828க்குப் பிறகு இத்தாலியில் வுல்சி என்ற இடத்தில் எட்ரூஸ்கன் மக்களின் கல்லறைகளைத் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் கிரேக்கப் பானைகள் கிடைத்தன. பல பானைகளின் அடியில் வியாபாரிகள் கீறி வைத்த குறியீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆக, கடவுளும் அரக்கனும் ஏற்றுமதிச் சரக்காகவும் ஊர் ஊராகப் போனார்கள்.

அந்தப் பானைகளைச் செய்த விதம்தான் சுவாரஸ்யம். இரும்புச் சத்துள்ள களிமண்ணில் பானை வனைந்து, அதே மண்ணை நைசாகக் கரைத்து வடித்த குழம்பால் உருவங்களைத் தீட்டுவார்கள். பிறகு கூர்மையான கருவியால் கண், தாடி, ஆடை மடிப்பு என்று கீறுவார்கள். சூளையில் மூன்று கட்டம். முதலில் காற்று உள்ளே போகும்படி எரிப்பது, அடுத்து காற்றை அடைத்து எல்லாவற்றையும் கறுப்பாக்குவது, கடைசியில் மறுபடியும் காற்றை விடுவது. கடைசிக் கட்டத்தில் பானை சிவப்புக்குத் திரும்பிவிடும், குழம்பு பூசிய உருவம் மட்டும் கறுப்பாகவே நின்றுவிடும். கீறிய இடத்தில் சிவப்பு தெரியும். "கறுப்பு உருவ" பாணி என்று இதைச் சொல்வார்கள்.

இப்போது பள்ளிப் பிள்ளை என்ன செய்கிறது? காகிதத்தில் ஆரஞ்சு கிரேயானை அழுத்தித் தேய்க்கிறது, மேலே கறுப்புப் பெயிண்ட் பூசுகிறது, காய்ந்ததும் குச்சியால் கீறுகிறது. உள்ளே இருந்து ஆரஞ்சுக் கோடு எட்டிப் பார்க்கிறது. சூளை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கீறும்போது கை நடுங்கினால் கோடு கெட்டுவிடும் என்ற பயம் அந்தக் குயவனுக்கும் இருந்திருக்கும், இந்தப் பிள்ளைக்கும் இருக்கிறது. இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நடுவில் போட்ட பூட்டு

தொழிலாளிகள் கையில் இருந்த இந்தக் கதைகள் பிற்காலத்து இங்கிலாந்தில் கனவான்களின் சொத்தாக மாறிப்போயின. கிரேக்க மொழி படிக்கப் பணம் வேண்டும், வருடக்கணக்கில் நேரமும் வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1919லும், ஆக்ஸ்ஃபோர்டு 1920லும்தான் கட்டாய கிரேக்கத்தை எடுத்தன. அதுவரை கிரேக்கம் தெரியாத பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. ஜான் கீட்ஸ் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். குதிரை லாயம் நடத்தியவரின் மகன், கிரேக்கம் படிக்காதவர், ஹோமரை மொழிபெயர்ப்பில்தான் படித்தார். கிரேக்கக் கதைகளை வைத்துக் கவிதை எழுதியதற்கு 1818ல் பத்திரிகைகளில் அவருடைய பிறப்பையும் படிப்பையும் சேர்த்தே கிண்டல் அடித்தார்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தபோது ஓவியமும் வந்தது. ஆனால் எப்படி? 19ம் நூற்றாண்டில் லண்டன் சவுத் கென்சிங்டனிலிருந்து நடத்தப்பட்ட ஓவியக் கல்வியில் முதலில் கோடு, அப்புறம் வளைவு, அப்புறம் அச்சடித்த படத்தைப் பார்த்து நகல் எடுப்பது. மேல் வகுப்புக்குப் போனால் கிரேக்கச் சிலைகளின் சுண்ண வார்ப்புகளைப் பார்த்து வரைய வேண்டும். தன் கற்பனையில் ஒரு மினோட்டாரை வரைய அங்கே இடமில்லை.

பூட்டு திறந்த கதை

ஒரு பக்கம் புத்தகங்கள் திறந்தன. அமெரிக்காவில் நத்தானியல் ஹாதார்ன் 1851லும், இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்லி 1856லும் இந்தக் கதைகளைக் குழந்தைகளுக்கு என்றே எழுதினார்கள்.

இன்னொரு பக்கம் ஓவிய ஆசிரியர்கள். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் 1897ல் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு ஆரம்பித்தார். நகல் எடுக்கச் சொல்லாமல் பிள்ளைகளை அவர்கள் போக்கில் வரைய விட்டார். அவருடைய மாணவர்களின் படங்கள் 1920ல் லண்டனில் காட்சிக்கு வந்தன. இங்கிலாந்திலேயே டட்லி என்ற தொழில் நகரத்தில் 1912 முதல் மாரியன் ரிச்சர்ட்சன் என்ற இளம் ஆசிரியை ஒரு புது முறையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு காட்சியை வாயாலே விவரிப்பார். கண்ணைத் திறந்ததும் மனதில் தெரிந்ததை வரைய வேண்டும். 1938ல் லண்டன் கவுன்ட்டி ஹாலில் நடந்த குழந்தை ஓவியக் கண்காட்சிக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான். கதையைக் கேட்டுப் படம் வரையும் இன்றைய வகுப்பறைகளில் அவர் கைரேகை இருக்கிறது.

கடைசியாக 1988 கல்விச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் பண்டைய கிரேக்கம் ஆரம்பப் பள்ளிப் பாடமானது, 2014ல் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோதும் தப்பித்துக்கொண்டது. பணக்கார வீட்டுப் பையன் பிரம்படி வாங்கிப் படித்த கிரேக்கம், இப்போது பஸ் டிரைவர் மகள் கையில் களிமண்ணாக இருக்கிறது. இது சின்ன மாற்றமா?

"கதையைக் கெடுக்கிறார்களா?"

ஆறாவது ஆண்டு முடிவில் நடக்கும் தேசியத் தேர்வுகள் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும்தான். தேர்வில் வராததற்கு நேரம் ஒதுக்குவது எந்தப் பள்ளியிலும் கஷ்டம். அதனால் முதலில் வெட்டு விழுவது களிமண் வகுப்பு மேல்தான். வெட்ட நினைப்பவர்கள் ஒரு காரணமும் சொல்வார்கள்: பிள்ளைகள் கதையைத் தப்பும் தவறுமாகச் செய்கிறார்கள்.

தப்பு யார் செய்யவில்லை? பண்டோரா திறந்தது பெட்டி இல்லை. ஹெஸியட் எழுதியது பெரிய சேமிப்புத் தாழி. 16ம் நூற்றாண்டில் எராஸ்மஸ் லத்தீனில் எழுதும்போது அதைச் சின்னப் பெட்டியாக்கிவிட்டார், இன்றுவரை பிள்ளைகள் பண்டோராவுக்குப் பெட்டிதான் செய்கிறார்கள். மைடாஸ் தொட்டதும் தங்கமாகிப்போன மகள், பழைய கதையிலேயே கிடையாது. ஓவிட் சொன்னதில் அவன் சோறும் பானமும்தான் தங்கமாயின. மேரிகோல்டு என்று ஒரு மகளைச் சேர்த்தவர் ஹாதார்ன். மாற்றியவர்கள் பெரியவர்கள் என்றால் அது இலக்கியம், சின்னவர்கள் என்றால் தப்பு. நல்ல நியாயம்!

சில நேரம் பிள்ளைகள்தான் பழமைக்கு நெருக்கமாக நிற்கிறார்கள். காரவாஜ்ஜியோ போன்றவர்கள் வரைந்த மெதுசா பார்ப்பதற்கு மனித முகம்தான். கி.மு. 580 வாக்கில் கோர்ஃபு தீவில் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில் செதுக்கிய மெதுசா அப்படி இல்லை. உருட்டி விழிக்கும் கண், அகன்ற வாய், வெளியே தொங்கும் நாக்கு. கிரேக்கப் பானைகளில் பெரும்பாலான முகங்கள் பக்கவாட்டில் இருக்கும், மெதுசா மட்டும் நேராக நம்மைப் பார்ப்பாள். கண்ணேறு படாமல் காக்கவும் கெட்டதை விரட்டவும் வைத்த முகம் அது. காகிதத் தட்டில் முட்டைக் கண்ணும் சிவப்பு நாக்குமாக எட்டு வயதுப் பிள்ளை செய்யும் முகமூடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தப் பழைய சிற்பிக்கு அது அந்நியமாகத் தெரிந்திருக்காது.

கதைகளைப் பாதுகாத்தது பூட்டி வைத்தவர்கள் மட்டும் இல்லை. பானையில் கீறியவர்களும், பெட்டி என்று தப்பாக எழுதியவரும், மகளைச் சேர்த்தவரும்தான் அவற்றை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் கடைசியாக நிற்பது, கையெல்லாம் பசையோடு பாம்புகளை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அதன் கையிலிருந்து களிமண்ணைப் பிடுங்கிவிட்டால் கிரேக்கம் அழியாது. ஆனால் மறுபடியும் சிலருடைய சொத்தாகிவிடும்.