ஐடியா இருக்கு... அடுத்து என்ன? ஆவடி பக்கத்து இளைஞர்களின் கண்டுபிடிப்பு நாட்டை வளர்ப்பது எப்படி?

ஆவடி மாநகராட்சிக்குள் இருக்கும் ஊர் கோவில்பதாகை. ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பக்கத்தில் இன்று புது வீடுகள், சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். கொஞ்ச தூரத்தில் ராணுவ டாங்கி தயாரிக்கும் தொழிற்சாலை. ரயில் பிடித்து அம்பத்தூர் போனால் வரிசையாக லேத் பட்டறைகள்.

"இளைஞர்களின் படைப்பாற்றல்தான் நாட்டின் எதிர்காலம்" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் கேட்கிற கேள்வியே வேற. "ஐடியாவை வச்சு என்ன பண்றது, முதல்ல ஒரு வேலைக்குப் போ." இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் பல நல்ல கண்டுபிடிப்புகள் காணாமல் போகின்றன.

ஒரு மாணவரின் ஐடியா நாட்டின் வளர்ச்சியாக மாறுவது எப்படி? எங்கே தடைபடுகிறது? காப்புரிமைக்கு எவ்வளவு செலவாகும்? பணம் எங்கே கிடைக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

புதிய கண்டுபிடிப்பால் நாடு எப்படி வளரும்?

ஒரு லேத் பட்டறையில் ஒரு நாளைக்கு 100 பாகங்கள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு லேத் வாங்கி, இன்னொரு ஆளைப் போட்டால் 200 செய்யலாம். ஆனால் செலவும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே லேத்தில், பாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சரை மட்டும் ஒரு இளைஞர் மாற்றி அமைத்து 130 பாகங்கள் எடுத்தால்? ஆள் அதே, கரண்ட் அதே, உற்பத்தி மட்டும் கூடுதல்.

இந்த 'கூடுதல்' ஒரு பட்டறையோடு நின்றால் அது முதலாளிக்கு லாபம். ஆயிரம் பட்டறைகளுக்குப் பரவினால் அது நாட்டின் வளர்ச்சி. இருக்கிற வளத்தை வைத்தே அதிகம் செய்ய முடிவதுதான் நீண்ட காலத்துக்கு ஒரு நாட்டின் வருமானத்தை உயர்த்துகிறது என்கிறது பொருளாதாரம். கண்டுபிடிப்புகளால் வரும் வளர்ச்சியை விளக்கியதற்காகத்தான் ஜோயல் மோகிர், பிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் ஆகிய மூவருக்கும் 2025-ம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தியா இதில் எங்கே இருக்கிறது? உலகக் கண்டுபிடிப்புக் குறியீட்டில் 2015-ல் 81-வது இடத்தில் இருந்த இந்தியா, 2024-ல் 39-வது இடத்துக்கு முன்னேறியது. இது நல்ல செய்தி. ஆனால் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம்தான். தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. பெரிய ஆய்வகங்களுக்குப் பணம் குறைவாக இருக்கும் நாட்டில், கல்லூரி லேபிலும் பட்டறையிலும் பிறக்கும் ஐடியாக்களை வீணாக்கினால் இழப்பு இன்னும் அதிகம்.

ஆவடிக்கு இதில் என்ன சிறப்பு?

ஆவடி என்ற பெயரே ராணுவ வாகனத் தொழிற்சாலையின் ஆங்கிலச் சுருக்கம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அது சரியல்ல. 1955-ல் இந்த ஊரில்தான் காங்கிரஸ் மாநாடு நடந்தது. 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியதும் அங்கேதான். கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது அதன்பிறகு, 1961-ல். தொழிற்சாலைக்கு முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்தது.

1965-ல் விஜயந்தா டாங்கி இங்கிருந்து வெளிவந்தது. அதன் வடிவமைப்பு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடையது. நாம் தயாரித்தோம், வடிவமைக்கவில்லை. பிறகு ஆவடியிலேயே இருக்கும் டிஆர்டிஓ ஆய்வகமான சிவிஆர்டிஇ, அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது. அதன் மேம்பட்ட வடிவமான அர்ஜுன் மார்க்-1ஏ, 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆர்டர் கிடைத்தது.

அடுத்தவர் வரைபடத்தை வைத்துச் செய்வதிலிருந்து, நம் வரைபடத்தை நாமே போடுவது வரை ஆவடி நடந்த பாதை இது. வடிவமைப்பு நம்முடையதாக இருந்தால் அதற்கான வேலையும் வருமானமும் இங்கேயே தங்கும்.

பக்கத்தில் 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. வார்ப்பு, லேத், மோல்டிங், மின்னணு என்று சிறு தொழில்கள் நெருக்கமாக உள்ள இடம். பேப்பரில் வரைந்த ஒரு பாகத்தை இரும்பில் செய்து பார்க்க, இங்குள்ள மாணவர் அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. இந்த வசதி நாட்டில் எல்லா ஊருக்கும் கிடையாது.

இளைஞர்கள் சாதித்தார்களா? மூன்று உதாரணங்கள்

முதல் உதாரணம், திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர். தெருவில் துணி தேய்க்கும் வண்டியில் எரிந்து கொட்டப்படும் கரியைப் பார்த்தது அவரை யோசிக்க வைத்தது. விளைவு, சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டி. 5 மணி நேர நல்ல வெயில் இருந்தால் 6 மணி நேரம் இஸ்திரி போடலாம் என்பது அதன் வடிவமைப்பு. 2020-ல் குழந்தைகளுக்கான பருவநிலை விருது, 2021-ல் எர்த்ஷாட் விருதின் இறுதிச் சுற்று, அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேச்சு. 

இரண்டாவது, பள்ளி மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டலில், நாடு முழுவதும் உள்ள அரசுப் பள்ளிகளின் சுமார் 750 மாணவிகள் இந்தச் செயற்கைக்கோளில் பங்களித்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் புதிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டில் போனது. ஆனால் ராக்கெட் அதைச் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை. கதை அங்கே முடியவில்லை. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை அடைந்தது.

மூன்றாவது, அக்னிகுல் காஸ்மோஸ். ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் எஸ்பிஎம் ஆகியோர் 2017-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி துணை நின்றார். வழக்கமாக ராக்கெட் என்ஜின் என்றால் நிறைய பாகங்களைச் சேர்த்து வெல்டிங் செய்வார்கள். இவர்கள் 3டி பிரிண்டிங் முறையில் ஒரே துண்டாக என்ஜினை அச்சிட்டார்கள். நான்கு முறை தள்ளிப்போன சோதனை, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் அவர்களுடைய சொந்த ஏவுதளத்திலிருந்து வெற்றி பெற்றது. சுற்றுப்பாதை வரை போகாத சோதனை ஓட்டம்தான். ஆனாலும் ஒரே துண்டாக அச்சிட்ட செமி-கிரையோஜெனிக் என்ஜினோடு பறந்த உலகின் முதல் ராக்கெட் அது.

மூன்றிலும் பொதுவான விஷயம் ஒன்று இருக்கிறது. ஐடியா மட்டும் அவர்களை அங்கே கொண்டுபோகவில்லை. வழிகாட்ட ஒருவர், செய்து பார்க்க ஒரு இடம், தோற்ற பிறகும் இன்னொரு வாய்ப்பு, திறந்திருக்கும் ஒரு கதவு, இவை வேண்டியிருந்தன. விண்வெளித் துறையைத் தனியாருக்கு மத்திய அரசு திறந்தது 2020-ல். அந்தக் கதவு மூடியே இருந்திருந்தால் அக்னிகுல்லின் என்ஜின் லேபிலேயே நின்றிருக்கும்.

ஐடியா எங்கே நின்றுபோகிறது?

பெரும்பாலும் கடைசி வருட புராஜெக்ட்டில். மதிப்பெண் போட்டவுடன் மாடல் அலமாரிக்குப் போகிறது, குழு பிரிந்து வேலைக்குப் போகிறது. சிலர் கடையில் ரெடிமேடாக புராஜெக்ட் வாங்கி ஒப்பேற்றுவதும் நடக்கிறது. அப்படி வாங்கினால் மார்க் கிடைக்கும், கைக்குப் பழக்கம் வராது.

இன்னொரு தடை, பிரச்சினையைத் தேடாமல் டெக்னாலஜியை மட்டும் தேடுவது. "ஏஐ வச்சு ஏதாவது பண்ணணும்" என்று தொடங்கினால் வாங்க ஆள் இருக்க மாட்டார்கள். "மழை பெய்தால் நம் தெருவில் மட்டும் ஏன் தண்ணி நிக்குது?" என்று தொடங்கினால், கவுன்சிலர் முதல் மாநகராட்சி வரை கேட்க ஆள் இருப்பார்கள். வினிஷா தொடங்கியதும் தெருவில் பார்த்த கரியிலிருந்துதான்.

காப்புரிமை: எல்லாரும் செய்யும் ஒரு தப்பு

கண்டுபிடித்தவுடன் பலரும் செய்வது, வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது. அல்லது கல்லூரி எக்ஸ்போவில் வைத்து எல்லாவற்றையும் விளக்குவது. இங்கேதான் சிக்கல்.

காப்புரிமை கிடைக்க ஒரு கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும், எளிதில் யாருக்கும் தோன்றாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் விளக்கிவிட்டால், 'புதியது' என்ற தகுதியையே இழக்க நேரிடும். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி போன்ற சில இடங்களுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. சாதாரண கல்லூரி எக்ஸ்போ அதில் வராது. அதனால் முதலில் விண்ணப்பம், பிறகு வீடியோ.

செலவு எவ்வளவு? தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் ஆகியோர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக்கான கட்டணம் 4,000 ரூபாய். வழக்கறிஞர் அல்லது காப்புரிமை முகவர் வைத்தால் அவர் கட்டணம் தனி. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால், அரசு பட்டியலில் உள்ள உதவியாளரின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது.

மாடல் இன்னும் முடியவில்லையா? தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தர வேண்டும். காப்புரிமையின் ஆயுள் 20 ஆண்டுகள். சென்னை காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

மொபைல் ஆப் செய்பவர்கள் கவனிக்க: வெறும் கணினி நிரலுக்கு இந்தியச் சட்டப்படி காப்புரிமை கிடையாது. எழுதிய நிரலுக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு. கல்லூரி லேபில் செய்த கண்டுபிடிப்பு என்றால், உரிமை யாருக்கு என்பதைக் கல்லூரியின் விதிகளில் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. உரிமை யாருக்குப் போனாலும், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மாணவர் பெயர் இருக்க வேண்டும்.

பணமும் வழிகாட்டலும் எங்கே கிடைக்கும்?

• இன்குபேட்டர்: ஐடியாவை நிறுவனமாக வளர்க்க உதவும் மையம். இடம், கருவிகள், வழிகாட்டிகள் கிடைக்கும். ஆவடியில் வேல்டெக் பல்கலைக்கழக வளாகத்தில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் ஒரு மையம் இயங்குகிறது.

• நிதி பிரயாஸ்: மாடல் செய்து பார்க்கும் கட்டத்துக்கான மத்திய அரசுத் திட்டம். அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் மூலம் 10 லட்சம் ரூபாய் வரை.

• டான்சீட்: தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தரும் ஆரம்ப நிதி. பொதுவாக 10 லட்சம் ரூபாய். பெண்கள் நடத்தும் நிறுவனங்கள், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறப் பயன் தரும் நிறுவனங்களுக்கு 15 லட்சம் ரூபாய் வரை.

• ஐடெக்ஸ்: ஆவடிக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. 2018-ல் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கியது. ராணுவம் தன் பிரச்சினைகளைப் பட்டியலாக வெளியிடும், தீர்வு வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் 1.5 கோடி ரூபாய் வரை மானியம்.

• நான் முதல்வன்: 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய திறன் பயிற்சித் திட்டம். கல்லூரியில் படிக்கும்போதே தொழில்துறைக்குத் தேவையான பயிற்சி கிடைக்கும்.

இதோடு, தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சென்னையும் ஒன்று. ஆவடியில் தலைமையகம் கொண்ட ஏவிஎன்எல், 2021 அக்டோபர் 1 முதல் தனி அரசு நிறுவனமாக இயங்குகிறது. உதிரி பாகங்களையும் தீர்வுகளையும் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் வாசலிலேயே இருப்பது சிறு நிறுவனங்களுக்கு வாய்ப்பு.

அப்போ வேலையை விட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஸ்டார்ட்அப்களில் பல, சில ஆண்டுகளில் மூடப்படுகின்றன என்பதும் உண்மை. கடன் வாங்கித் தொடங்கி, குடும்பம் சிக்கலில் மாட்டுவதற்குப் பதில், படிக்கும்போதே மானியத்தில் மாடல் செய்து பார்ப்பது பாதுகாப்பான வழி. அக்னிகுல்லுக்கும் தொடங்கியதிலிருந்து முதல் சோதனை வெற்றி வரை ஏழு ஆண்டுகள் ஆயின.

எல்லாரும் நிறுவனம் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு ஃபிக்ஸ்சரை மாற்றி அமைப்பவரும் கண்டுபிடிப்பாளர்தான்.

ஏன் இப்போதே?

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு காலக்கெடு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே மாநில மக்கள்தொகையில் சுமார் 10.4 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் எண்ணிக்கை 2.1-க்கும் கீழே இறங்கிவிட்டது. வருங்காலத்தில் உழைக்கும் வயதில் இருப்பவர்கள் குறைவார்கள், அவர்களை நம்பியிருக்கும் முதியவர்கள் கூடுவார்கள். குறைவான ஆட்கள் அதிகம் உற்பத்தி செய்தால்தான் வருமானம் தாங்கும். அதற்கான வழியை இப்போது கல்லூரியில் இருப்பவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சுருக்கமாக:

• தெருவில், வீட்டில், பட்டறையில் பார்க்கும் உண்மையான பிரச்சினையிலிருந்து தொடங்குங்கள்.
• பொதுவெளியில் காட்டும் முன் காப்புரிமை விண்ணப்பம் போடுங்கள்.
• கடனுக்கு முன் மானியத்தைத் தேடுங்கள்.
• பிள்ளைகளிடம் "இதனால எவ்வளவு சம்பளம் வரும்?" என்று கேட்கும் பெற்றோர், கூடவே "இது யாருக்குப் பயன்படும்?" என்றும் கேளுங்கள்.