பிள்ளையின் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது?

எனது ஒன்பதாம் தர வகுப்பில் ஒரு மாணவன் லீவுக் கடிதம் கொண்டு வந்தான். பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் ஓர் இல்லத்தின் றப்பர் முத்திரை குத்தப்பட்டிருந்தது. வாப்பா மௌத்தாகிவிட்டார் என்பது தெரியும். உம்மாவும் இல்லை போலும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு பெண் பின் வாங்கில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். யார் என்று விசாரித்தால் அவனுடைய உம்மா. சவூதியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது இடியப்பம் அவித்து விற்கிறார். மூன்று பிள்ளைகளில் இரண்டு இல்லத்தில்.

"அங்க மூணு நேரமும் சாப்பாடு கெடைக்கிது சேர். மாசம் ஒரு சின்னச் சல்லி கையில கெடைச்சா நான் ஏன் புள்ளயள விடப்போறன்?" என்றார்.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதிலைத் தேடியபோது இரண்டு நாட்டுச் சட்டங்களின் கதைக்குள் போய்விட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. தமிழ் படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. யதீம் என்றால் பருவ வயதை அடையுமுன் தகப்பனை இழந்த பிள்ளை. தாய் உயிரோடு இருந்தாலும் அது யதீம்தான். நாம் அதை 'அநாதை' என்று தமிழாக்கினோம். அநாதை என்றால் நாதன் அற்றது, கேட்க நாதியற்றது. ஒரு மொழிபெயர்ப்பில் உம்மாமார் எல்லாரும் காணாமல் போய்விட்டார்கள்! பிறகு 'அநாதை இல்லம்' கட்டினோம். அதில் உம்மா உள்ள பிள்ளைகளைச் சேர்த்தோம். இது நமது சமூகத்தின் கதை மட்டுமல்ல. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் வளர்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வெளிவந்த உண்மை. அவர்களை வீட்டிலிருந்து பிரித்தது பெரும்பாலும் மரணமல்ல, வறுமை.

ஸூரத்துன் நிஸா யதீமின் சொத்தைப் பற்றிப் பேசும்போது, அதை உரியவரிடம் ஒப்படைக்கும் வேளையில் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று அது விட்டுவிடவில்லை. பிள்ளையின் பணத்தைக் கையாள்பவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளூராட்சியின் மேற்பார்வை என்று இன்று பெரிய பெயரில் சொல்லப்படுவதும் அடிப்படையில் இதுதான்.

இனி இங்கிலாந்துக்கு. நமது சிறுவர் சட்டங்களின் மூலப்பிரதி அங்கேதான் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச்சட்டம் இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அதே 1939இல் வந்த 30ஆம் இலக்க வறியோர் சட்டமும் அவ்வாறே.

1944இல் நியூபோர்ட் நகர சபை தன் பராமரிப்பில் இருந்த டெனிஸ் ஓநீல் என்ற சிறுவனையும் அவனது தம்பியையும் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில் ஒரு பண்ணை வீட்டில் வளர்க்கக் கொடுத்தது. பணம் கொடுப்பது ஒரு சபை, பிள்ளை இருப்பது இன்னொரு சபையின் எல்லைக்குள். பார்ப்பது யார் என்பதில் இரண்டுக்கும் தெளிவில்லை. டிசம்பரில் நியூபோர்ட் சபையின் பெண் அலுவலர் ஒருவர் போய்ப் பார்த்தார். பிள்ளையின் கோலத்தைக் கண்டு அவனை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை அலுவலக மேசைகளில் நகர்ந்துகொண்டிருந்தபோதே, 1945 ஜனவரி 9ஆம் திகதி டெனிஸ் இறந்துபோனான். அடியும் பட்டினியும். வயது 12.

சேர் வோல்ட்டர் மொங்டன் நடத்திய விசாரணையின் அறிக்கை அதே வருடம் வெளிவந்தது. நாடே கொதித்தது. அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' என்ற நாடகம் லண்டனில் பல தசாப்தங்களாக மேடையேறி வருவது பலருக்குத் தெரியும். அதன் கரு இந்தச் சிறுவனின் கதையிலிருந்து பிறந்தது என்பது பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இதைவிட முக்கியமானது மைரா கேர்ட்டிஸ் அம்மையார் தலைமையிலான குழு 1946இல் கொடுத்த அறிக்கை. பெற்றோரின் வீட்டில் வளர வாய்க்காத ஏறத்தாழ 125,000 பிள்ளைகளின் நிலையை அது ஆராய்ந்தது. ஒரே சபைக்குள்ளேயே சில பிள்ளைகள் வறியோர் உதவிக் குழுவின் கீழ், சில கல்விக் குழுவின் கீழ், சில சுகாதாரக் குழுவின் கீழ் என்று சிதறிக் கிடந்தார்கள். மேலே அமைச்சுகளும் அவ்வாறே பிரிந்து கிடந்தன. அதன் விளைவாக வந்ததுதான் 1948ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம். ஒவ்வொரு மாவட்ட சபையும் பெரிய நகர சபையும் சிறுவர்களுக்கென்றே ஒரு குழுவை அமைக்க வேண்டும், அதற்கென ஒரு சிறுவர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை உறுப்பினர்கள். பிள்ளைகளுக்கான பணம் அவர்கள் முன்னால் வந்துதான் போக வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. எனது மாணவனின் உம்மா கேட்ட கேள்வி சரியாக அந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. பிள்ளை சபையின் பொறுப்புக்கு வந்த பிறகு அவனுக்காகச் செலவழிக்கலாம். அவன் வராமல் தடுக்க, தாயின் கையைப் பலப்படுத்தச் செலவழிக்கச் சட்டத்தில் தெளிவான அதிகாரம் இல்லை. வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்த குடும்பத்தின் பிள்ளைகளை இல்லத்தில் வைத்துப் பராமரிக்கப் பெருந்தொகை இருக்கிறது. அந்த வாடகைப் பாக்கியைக் கட்டப் பணமில்லை. கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது உறைத்தது. 1963இல் வந்த சட்டத்தின் முதலாம் பிரிவு, பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறுவதைத் தவிர்க்க ஆலோசனையும் உதவியும், விசேட நிலைமைகளில் கையில் பணமும் கொடுக்கலாம் என்றது. குழுவும் அதிகாரியும் பதினைந்து வருடம் இருந்து கணக்குப் பார்த்ததன் பலன் அது என்றே நான் கருதுகிறேன்.

அதற்காக இங்கிலாந்தை மாதிரி நாடாகத் தூக்கிப்பிடிக்க நான் வரவில்லை. 1971இல் சிறுவர் திணைக்களங்கள் பொதுவான சமூக சேவைத் திணைக்களங்களுக்குள் கரைக்கப்பட்டன. 2000 பெப்ரவரியில் ஐவரி கோஸ்ட்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி லண்டனில் கொல்லப்பட்டாள். நான்கு சபைகளின் சமூக சேவைப் பிரிவுகளுக்கு அவளைத் தெரிந்திருந்தது. லோர்ட் லேமிங் 2003இல் கொடுத்த அறிக்கை, கீழ்மட்ட ஊழியர்மேல் பழியைப் போட்டுவிட்டு மேலே இருந்தவர்கள் தப்புவதை ஏற்கவில்லை. 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் ஒவ்வொரு பொறுப்பான சபையிலும் ஒரு பணிப்பாளரையும், தெரிவான உறுப்பினர்களில் ஒருவரையும் சிறுவர் சேவைகளுக்குப் பொறுப்பாகப் பெயர் குறித்து நியமிக்கச் சொன்னது. டெனிஸின் காலத்தில் இல்லாமல் போனது அந்தப் பெயர்தான்.

அதற்குப் பிறகும் பணம் வேறு விதமாகப் பேசியது. 2018 பெப்ரவரியில் நோர்தாம்ப்டன்ஷயர் மாவட்ட சபை கையில் காசில்லை என்று அறிவித்து, சட்டப்படி கட்டாயமான கடமைகளைத் தவிர்ந்த புதிய செலவுகளை நிறுத்தியது. கட்டாயம் எது? பிள்ளையைப் பொறுப்பேற்பது கட்டாயம். அதற்கு முன்னமே குடும்பத்துக்குக் கை கொடுப்பது பெரும்பாலும் விருப்பத்துக்குரியது. நெருக்கடி வரும்போதெல்லாம் வெட்டு விழுவது அந்த இரண்டாவதில்தான். 1963இன் பாடத்தை வரவு செலவுத் திட்டம் மறக்கடித்துவிடுகிறது.

இனி நமது கதை. நாம் சுதந்திரம் பெற்றதும் 1948இல்தான். ஆனால் இங்கிலாந்தின் அந்த வருடத்துச் சட்டம் நம்மிடம் வரவில்லை. 1939இன் மூலப்பிரதியோடு நாம் தங்கிவிட்டோம். அந்த வறியோர் சட்டம் ஏழைகளுக்கு உதவும் கடமையை உள்ளூராட்சி மன்றத்தின்மேல் வைத்தது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரப் பகுதிகளில் அது நடைமுறைக்கு வந்தது. ஏனைய ஊர்களுக்கு வரவேயில்லை. மூன்று நகரத்தில் ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கொடுக்கும் உதவி சபை மண்டபத்தில் பேசப்படும் விடயம். மற்ற இடமெல்லாம் அது கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்தின் விடயம். சமூக சேவைகள் திணைக்களம் 1948இல் தோன்றியது. நன்னடத்தைத் திணைக்களம் 1956இல் சிறுவர் பராமரிப்பையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தனியார் இல்லங்கள் 1941ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்யப்பட்டன. 1962இல் தொடங்கிய மாக்கொல முஸ்லிம் அநாதை நிலையம் முதல் இன்று வரை நமது இல்லங்கள் பல தனவந்தர்களின் ஸகாத்திலும் ஸதக்காவிலும் நின்று நிலைத்தவை. அவற்றில் படித்து ஆளானவர்களை நானறிவேன், அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஊரின் தெரிவான உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இந்தப் பிள்ளையின் உம்மா எங்கே?" என்று கேட்பதற்கான கதிரை எந்தச் சட்டத்திலும் போடப்படவில்லை.

1987இல் அந்தக் கதிரை வந்தது போலத் தோன்றியது. 13ஆவது திருத்தத்தின்படி நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு சேவைகள் மாகாண சபைப் பட்டியலுக்குள் போயின. இல்லங்களைப் பதிவதும் பார்வையிடுவதும் பிள்ளைக்கு ஒரு சிறு தொகை கொடுப்பதும் மாகாணத் திணைக்களத்தின் வேலையாயின. மாகாண சபையில் பாதீடு வாசிக்கப்படும்போது உறுப்பினர் கேள்வி கேட்கலாம்.

கிழக்கு மாகாணத்தில் அப்படிக் கேட்க எத்தனை காலம் கிடைத்தது? விரலை மடித்துப் பார்த்தேன். இணைந்த வடக்கு கிழக்கு சபை 1988இன் இறுதியிலிருந்து 1990 நடுப்பகுதி வரை. அதன் பிறகு 2008 வரை ஒன்றுமில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து நமது கரையோர ஊர்களில் ஒரு காலையில் எத்தனையோ பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாதவர்களாக்கியபோதும் இங்கே தெரிவான மாகாண சபை இல்லை. அப்போது 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டே அந்தப் பிள்ளைகளின் வளர்ப்புப் பராமரிப்பு ஒழுங்கு செய்யப்பட்டது. பின்னர் 2008 முதல் 2012 வரை ஒரு சபை, 2012 முதல் 2017 செப்டெம்பர் வரை இன்னொன்று. எல்லாம் கூட்டினாலும் பதினொரு வருடம் தேறாது. கடைசிச் சபையில் முதலமைச்சர்களாக இருந்த இருவருமே நமது சமூகத்தவர். அந்தக் கதிரை யாருக்கு என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினோம், வாசித்தோம். நானும் வாசித்தவன்தான். சிறுவர் பராமரிப்புக்கு அந்த வருடப் பாதீட்டில் எவ்வளவு என்று நான் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

2017க்குப் பிறகு கதவு மூடிவிட்டது. ஏனைய மாகாணங்களும் ஒவ்வொன்றாய்க் காலாவதியாகி, 2019இல் ஊவாவோடு கடைசிச் சபையும் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றிய சட்டமும் எல்லை நிர்ணய இழுபறியும் நடுவில் மாட்டிக்கொண்டன. திணைக்களம் இயங்குகிறது, உத்தியோகத்தர்கள் சம்பளம் பெறுகிறார்கள், இல்லங்களுக்குப் பணமும் போகிறது. ஆளுநரின் அங்கீகாரத்தோடு எல்லாம் நடக்கிறது. நடக்காதது ஒன்றுதான். அந்தப் பணத்தைப் பற்றி ஒரு மக்கள் பிரதிநிதி பகிரங்கமாகக் கேட்கும் கேள்வி. கணக்காய்வாளர் நாயகத்தின் உத்தியோகத்தர்கள் வவுச்சரைப் பார்ப்பார்கள். வவுச்சர் சரியாக இருந்தால் சரி. இந்தச் செலவு இல்லத்துக்குப் போவதா, உம்மாவின் கைக்குப் போவதா என்பது வவுச்சரில் வராது. அது தீர்மானம். தீர்மானத்தைத் தட்டிக்கேட்க சபை வேண்டும்.

பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை செயலாளர்களின் கையில் இருந்தன. புதிய சபை கூடிய பிறகு, எனக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவரிடம் இதைப் பேசினேன். நல்ல பிள்ளை, எனது பழைய மாணவர்.

"சேர், அது எங்கட சப்ஜெக்ட் இல்லையே. முன்பள்ளி, நூலகத்துல சிறுவர் பகுதி, அதுதான் எங்களுக்கு. மத்ததெல்லாம் மாகாணம்."

"மாகாணத்தில யார்ட்ட கேக்கிற?"

"அங்க இப்ப ஆருமில்லையே சேர்" என்று சிரித்தார்.

இந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு நியூபோர்ட்டும் ஷ்ரொப்ஷயரும் ஞாபகம் வந்தன. பணம் ஓரிடம், பிள்ளை ஓரிடம், கேள்விக்கு இடமே இல்லை. ஒரு மரணம் வந்தால்தான் நமது சட்டமும் அசையும் என்று இருப்பதா?

சபையின் நேரடி அதிகாரத்துக்குள் வராவிட்டாலும் தன் எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித் தகவல் கேட்டு ஒரு பிரேரணை நிறைவேற்ற யாரும் தடையாக இல்லை என்று அவரிடம் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் இல்லங்களில், அவர்களில் எத்தனை பேருக்கு உம்மா இருக்கிறார், ஒரு பிள்ளைக்கு மாதம் என்ன செலவு. மூன்று கேள்விதான். யோசிக்கிறேன் என்றார். நமது இல்லங்களின் நிருவாகங்களும் தாமாகவே இந்த மூன்றையும் வருட அறிக்கையில் போடலாம். பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் பிறகு வசூல் கணக்கை வாசித்துக் காட்டுகிற சமூகத்துக்கு இது புதிய பழக்கமும் அல்ல.

நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த மூன்று கேள்விகளையும் எழுதி, மாகாணத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் அடுத்த இதழில் எழுதுகிறேன்.