குழலும் குண்டும்: தென்னாட்டிலிருந்து டம்டம் வரை

"தாத்தா, டம்டம்னா துப்பாக்கிக் குண்டோட பேராமே?" என்று பேத்தி கேட்டாள். நாற்பது வருஷமாகக் கொல்கத்தாவில் குடியிருந்தும் நான் அதை யோசித்ததில்லை. அவள் சொன்ன குண்டு 1890களில் அங்கே செய்யப்பட்டது. அதற்கு நாற்பது ஆண்டு முன்பே, வேறொரு குண்டு டம்டமில் பெரும் புயலைக் கிளப்பியது. அதன் வேர் நம் தென்னாட்டில் இருக்கிறது.

அக்காலத் துப்பாக்கிகளில் குழல் வாய்வழியேதான் மருந்தும் குண்டும் போடவேண்டும். குண்டு சிறியதாக இருந்தால் எளிதில் இறங்கும். ஆனால் வெடிப்பின் வேகம் பக்கவாட்டில் கசிந்து, தூரத்தில் குறி தவறும். குழலின் உட்பள்ளங்களைப் பற்றும்படி பெரியதாக இருந்தால், கோலால் இடித்து இறக்குவதற்குள் எதிரி வந்துவிடுவான்! இறங்கும்போது தளர்வும் புறப்படும்போது இறுக்கமும் ஒரே குண்டுக்கு வேண்டும்.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர், தென்னிந்தியாவில் பணியாற்றிய கேப்டன் ஜான் நார்ட்டன். இங்குள்ளவர்களின் ஊதுகுழல் அம்புகளில், அடிப்பகுதி மெத்தென்ற நெட்டியால் ஆனதைக் கவனித்தார். ஊதியதும் நெட்டி விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும், காற்று வீணாகாது. அதைப் பார்த்து அடியில் குழிவுள்ள ஈயக் குண்டைச் செய்தார். ராணுவம் ஏற்கவில்லை. பின்னர் பிரெஞ்சுக்காரர் மினியே இதே தத்துவத்தில் செய்த குண்டுக்காக, 1852இல் பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண்டு கொடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கி.

நெடுந்தூரத்துக்கு அதுவும் போதவில்லை. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர், என்ஃபீல்டு குண்டின் எடையை, அதாவது 530 கிரெயின், சுமார் 34 கிராம், அப்படியே வைத்துக்கொண்டு, குண்டை ஒல்லியாகவும் நீளமாகவும் ஆறு பட்டையாகவும் ஆக்கினார். ஒல்லிக் குண்டு காற்றை எளிதில் கிழிக்கும். ஆனால் நீளமானது தலைகுப்புறப் புரளும். அதைத் தடுக்க, என்ஃபீல்டில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்த பள்ளத்தை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக்கினார். 1857இல் ஹைத் என்ற ஊரில் சோதித்தார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் இரண்டேகால் அடி; விட்வொர்த்துக்கு நாலரை அங்குலம்தான்!

அதே 1857 ஜனவரியில், டம்டம் பயிற்சிக்கூடத்தில் என்ஃபீல்டு தோட்டா பற்றிய பேச்சு பரவியது. குண்டு தடையின்றி இறங்கத் தோட்டாத் தாளில் கொழுப்பு தடவுவார்கள். தாளைப் பல்லால் கடித்துப் பிரிக்கவேண்டும். பசுவின் கொழுப்பா, பன்றியின் கொழுப்பா என்ற கேள்வி சிப்பாய்களின் நெஞ்சைச் சுட்டது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கினார். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த பல குறைகளோடு இதுவும் சேர்ந்தது. மே மாதம் மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது.

எடை, நீளம், சுற்று, கஜம் எல்லாவற்றையும் அளந்தவர்கள், அந்தத் தோட்டாவைக் கடிக்கப்போகும் மனிதனை மட்டும் கேட்கவில்லை. நெட்டி வைத்து அம்பு செய்த நம்மூர்க்காரர் பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை. பேத்திக்கு இதைத்தான் சொன்னேன்.