வாவி நீரும் தொண்டர் சான்றும்

கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையாற் புறக்கோட்டை எனப் பெயர்பெற்ற கொழும்பு நகர்ப்பகுதியை அடுத்துக் கிடப்பது பேரை வாவி. போர்த்துக்கேயர் 16-ஆம் நூற்றாண்டிலே தம் கோட்டைக்கு அரணாகக் கொண்ட நீர்நிலை இது. 1587-இல் கொழும்பை முற்றுகையிட்ட சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன், கால்வாய் வெட்டுவித்து இதன் நீரை வடியச் செய்தான் என்பர். பகைவரைத் தடுத்த அந்நீர், பிற்காலத்தே நகரின் கழிவைத் தாங்கும் நீராயிற்று. ஏறக்குறைய 165 ஹெக்டேயராக இருந்த பரப்பும் 65 ஹெக்டேயரளவிற்குச் சுருங்கியது. 2014-இல் புறக்கோட்டைக் கரையிலே மிதக்கும் சந்தை திறக்கப்பட்ட காலத்தும், நீரின் பச்சை நிறமும் நாற்றமும் மக்களின் முறைப்பாடாகவே இருந்தன.

இத்தகைய வாவியின் நிலையை அறிதற்கு ஒருநாள் அளவை போதாது. பல்லாண்டு தொடர்ந்த பதிவு வேண்டும். அவ்வளவு காலம் கரையிலே காத்திருக்க ஆய்வாளர்க்கு இயலாது. கரையில் வாழ்வோர்க்கோ இயலும். ஆயின், பயிற்சி குறைந்த தொண்டர் எழுதிவைத்த எண்களை நம்பலாமோ? வரலாற்று மாணாக்கர்க்கு இவ்வினா புதிதன்று. கல்வெட்டாயினும் பயணியின் குறிப்பாயினும், அது எவ்வாறு, எப்பொழுது, எந்நிலையில் எழுந்தது என ஆராய்ந்த பின்னரே அவர் அதனைச் சான்றாகக் கொள்வர். நீர்ச் சான்றுக்கும் அதுவே விதி.

நீரின் தெளிவை அளக்கும் எளிய கருவியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். 1865-இல் இத்தாலிய வானியலறிஞரும் யேசுசபைத் துறவியுமாகிய ஆஞ்சலோ செக்கி, பாப்பரசரின் கப்பலிலிருந்து தட்டுகளைக் கடலில் இறக்கி, அவை கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். தட்டின் பருமனும் நிறமும், ஞாயிற்றின் உயரமும் அளவை மாற்றுமோ எனவும் அவர் ஆராய்ந்தார். 1899-இல் அமெரிக்கராகிய விப்பிள் அத்தட்டினைக் கருமையும் வெண்மையுமான நான்கு கூறுகளாக வகுத்தார். கருவி எளிதாயிற்று, அதனைக் கையாளும் ஒழுங்கு மட்டும் எளிதாகவில்லை.

இத்தட்டினைக் கையிற்கொண்டே 1973-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே தொண்டர் ஏரிகளை அளக்கத் தொடங்கினர். புளோரிடாவில் 1986-இல் எழுந்த திட்டம் மேலும் ஒருபடி சென்றது. அங்கே 100-க்கு மேற்பட்ட ஏரிகளிலே தொண்டர் பெற்ற அளவுகளும் ஆய்வாளர் பெற்ற அளவுகளும் ஒப்புநோக்கப்பட்டன. 2002-இல் வெளிவந்த முடிவு, தெளிவிலும் பொசுபரசு, நைதரசன் அளவுகளிலும் இருசாராரும் பெரிதும் ஒத்தனர் என்பதாம். தொண்டர்க்கு முன்கூட்டியே பயிற்சி அளிக்கப்பட்டதும், அவர் எடுத்த நீர் ஆய்வுகூடத்திற் சோதிக்கப்பட்டதும் இவ்வொற்றுமைக்குக் காரணமாயின. இலங்கையிலும் தோட்டங்களிலிருந்தோர் நாள்தோறும் மழைமானியைப் பார்த்துக் குறித்த அளவுகள் நாட்டின் வானிலைப் பதிவிற் சேர்ந்துள்ளன. ஊதியமின்மை அவற்றின் மதிப்பைக் குறைத்திலது.

எனினும் பேரை வாவியில் இம்முறையை அப்படியே பெயர்த்து நடுதல் தகாது. ஆழங்குறைந்து பசுமை நிறைந்த நீரிலே தட்டு விரைவில் மறைந்துவிடும். அங்கே சில விரற்கிடை வேறுபாடும் பெரும் பிழையாகும். ஒட்சிசனை அளத்தலில் இடர் இன்னும் மிகுதி. பகலிலே அல்காக்கள் ஒளித்தொகுப்பினால் ஒட்சிசனை நீரில் வெளிவிடும். இரவிலோ அவையே அதனை நுகரும். ஆதலின் பிற்பகல் 3 மணிக்கு அளந்தவர் நிறைவைக் காண்பார்; அதே இடத்தில் விடியற்காலை அளந்தவர் மீன்கள் மூச்சுத்திணறும் குறைவைக் காணக்கூடும். இருவரும் பொய்யுரைத்திலர். நேரம் குறியாத எண்ணே பொய்யாகின்றது. நாற்றம் மிகுந்த மூலையில் மட்டும் நீர் எடுத்தாலும், படிக்கட்டு வசதியான இடத்தில் மட்டும் எடுத்தாலும், வாவி முழுமைக்கும் அது சான்றாகாது. நோய்க்கிருமியும் உலோக நஞ்சும் ஆய்வுகூடத்தின் பொறுப்பாகவே இருத்தல் வேண்டும்.

எனவே, அளந்தவர் பட்டதாரியோ அன்றோ என வினவுவதாற் பயனில்லை. இடம், நேரம், கருவி ஆகியன குறிக்கப்பட்டனவா? ஒரே நீர் இருமுறை அளக்கப்பட்டதா? அறிஞரின் அளவோடு இடையிடையே ஒப்பிடப்பட்டதா? இவற்றையே வினவுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கூறாத பதிவு, பேராசிரியர் கையெழுத்திட்டதாயினும் ஐயத்திற்குரியது. விடை கூறும் பதிவு, கரையிலே கடை வைத்திருப்பவர் எழுதியதாயினும் ஏற்கத்தக்கது.

பிழையான நல்லெண் ஒன்று, கேடுற்ற நீரை நன்னீர் எனக் காட்டிக் கரைவாழ் மக்களைத் துன்பத்தில் ஆழ்த்தும். எளியோர் எழுதியது என்னும் காரணத்தால் மெய்யான எண்ணைத் தள்ளுதலும் அதே துன்பத்தையே விளைக்கும். வாவியின் பழங்காலத்தைப் பறங்கியரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்தனர். அதன் இக்காலத்தை எழுதவேண்டியவர் அதன் கரையில் வாழ்பவரே.