பெரிய கோயில் சுவரில் நம் சேரி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். 216 அடி விமானம் அப்படிப் பார்க்க வைக்கும். அதன் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகள் சலிக்காமல் சொல்கிறார்கள். விழுகிறது, வெயிலுக்கு நாங்கள் அதில்தான் ஒதுங்கினோம். மாணவர்களோடு நாங்கள் போனது குனிந்து பார்க்க. தேடிப் போனது அடித்தளச் சுவரில் இருக்கிறது.

கோயில் முடிந்தது 1010இல். அதற்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலை முதலாம் ராஜராஜன் கல்லில் வெட்டுவித்தான். ஊரின் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி தராத நிலம் எவ்வளவு, கழித்தது போக மிச்சத்துக்கு எத்தனை கலம் நெல்? வேலி, மா, காணி, முந்திரிகை என்று பின்னத்தின் பின்னம் வரை கணக்கு. அந்தக் கழிவில் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. தீண்டாச்சேரி என்ற பெயரும் இருக்கிறது. பறைச்சுடுகாடு தனி.

அக்காலக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. எங்களோடு வந்த மாணவி, கல்லைத் தொடாமல் காற்றில் வரைந்தபடி, 'பறைசசெரியும' என்று எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். இரண்டாம் முறை வாசிக்கும்போது குரல் கம்மிவிட்டது. ஊரார் அவள் தெருவை இன்றும் அந்தப் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

தீண்டாமை நாயக்கர் காலத்தில் வந்தது, வெள்ளைக்காரன் கணக்கெடுப்பில் வந்தது என்று மேடைகளில் பேசுகிறவர்கள் உண்டு. சோழர் பொற்காலத்தைக் காப்பாற்ற அவர்களுக்கு அது தேவைப்படுகிறது. அவர்களோடு வாதாட வேண்டாம், இந்தச் சுவருக்கு முன்னால் அழைத்து வந்தால் போதும். வரியில்லை என்பதைச் சலுகை என்று விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சேரி குடியிருக்கும் இடம், விளையாத இடம். அதனால் வரியில்லை, அவ்வளவுதான். மிச்ச நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து, நெல்லாக்கிய கைகள் யாருடையவை என்பதை இத்தனை நுணுக்கமான கணக்கு சொல்லவில்லை.

மாலையில் வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். பிள்ளையார் கோயில், மாரியம்மன் கோயில், வாய்க்கால் மதகு, அதற்கும் அப்பால் சேரி. சுடுகாடு இங்கேயும் இரண்டு. நடவு நட்டே முதுகு வளைந்த ஒரு முதியவளிடம் மாணவி கல்வெட்டைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க தெருவப் பத்தி ராசா என்னம்மா எழுதி வச்சிருக்காரு?"

"வரி கெடயாதுன்னு எழுதியிருக்கு ஆயா."

அவர் சிரித்துவிட்டார். "நெலம் இருந்தாத்தானே வரி!"

பிறகு சுடுகாட்டுப் பக்கம் கைகாட்டினார். மழைக்காலத்தில் பிணத்தை வயல் வரப்பில்தான் தூக்கிப் போகிறார்களாம். "பாதை கேட்டு மனு குடுத்து வருசமாச்சு. அதயும் எழுதிக்க கண்ணு."

மாணவி நோட்டை மறுபடி திறந்தாள்.