வண்டு வந்ததும் போன வேலை

2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதிக்கும் முள்ளுத்தேங்காய்ச் செய்கைக்கும் தடை என்ற அறிவித்தல் வந்தபோது எங்களில் பாதிப்பேர் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தோம். முகநூலில் ஒரே கொண்டாட்டம். தண்ணியை உறிஞ்சிற மரம், காட்டை அழிக்கிற மரம், போகட்டும் எண்டு நாங்களும் நாலு பதிவைப் பகிர்ந்துவிட்டுப் படிக்கப் போய்விட்டோம். பிறகு கம்பஸ் வந்து, காலிப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து வந்த நண்பி ஒருத்தியோடு கன்ரீனில் கதைத்தபோதுதான் அந்தக் கொண்டாட்டம் கொஞ்சம் கசந்தது. "எங்க அப்பாவுக்கு அதுலதான் வேலை. புடுங்கிட்டு ரப்பர் நட்டா பால் வெட்ட ஆறேழு வருசம் ஆகும். அதுவரைக்கும் என்னா செய்யிறது?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

சூழல் பற்றிய கேள்விகள் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மரத்தின் கதை எங்களுக்குத் தெரியாது என்பதும் உண்மை. இலங்கையில் அது 1968 இல் காலி மாவட்டத்து நாகியாதெனிய தோட்டத்தில் சிறு அளவில் தொடங்கியது. தடை வந்தபோது கட்டம் கட்டமாக, வருசத்துக்குப் பத்து வீதமாகப் பிடுங்கச் சொன்னார்கள். அதற்கு முந்திய மாதம்தான் தோட்டத் தொழிலாளரின் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்திருந்தது. தேயிலையிலும் இறப்பரிலும் விழுகிற நட்டத்தை இந்த மரம்தான் தாங்குகிறது என்பது கம்பனிகளின் வாதம். அப்படியானால் இந்த மரத்தின் இலாபம் எங்கிருந்து வருகிறது, யாரிடம் போகிறது? இதைத் தேடித்தான் நாங்கள் மலேசியாவுக்குப் போனோம். புத்தகங்களில்தான், விமானத்தில் இல்லை.

செம்பனையின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆபிரிக்கா. 1848 இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. தென்கிழக்காசியத் தோட்டங்களின் பழைய மரங்களில் பெரும்பாலானவை இந்த நாலு கன்றின் வாரிசுகள்தான். மலாயாவில் முதல் வர்த்தகத் தோட்டத்தை 1917 இல் சிலாங்கூரில் தொடங்கியவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இவர் பின்னால் நாவல் எழுதி 1930 இல் கொன்கூர் பரிசும் வாங்கினார். தோட்டத்தின் பெயர் தென்னமரம். அங்கே யார் மண் வெட்டியிருப்பார்கள் என்று நாங்கள் தனியாக விளக்கவேண்டியதில்லை.

ஆனாலும் நெடுங்காலம் மலாயாவில் இறப்பர்தான் ராசா. செயற்கை இறப்பர் வந்து விலை ஆட்டம் கண்டபிறகு, 1960களில் அரசும் கம்பனிகளும் செம்பனைப் பக்கம் திரும்பின. அதற்குள் கொங்கோவில் ஒரு பெரிய விசயம் நடந்திருந்தது. தடித்த ஓடு உள்ள வகையையும் ஓடே இல்லாத வகையையும் சேர்த்தால் மெல்லிய ஓடுள்ள, சதை கூடிய காய் வரும் என்று பெல்ஜிய ஆய்வாளர்கள் 1941 இல் காட்டியிருந்தார்கள். ஓடு மெலிந்த அளவுக்கு எண்ணெய் கூடியது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எண்ணெய், அதே நிலத்தில்.

நல்ல விதை, நல்ல மழை, உரம் எல்லாம் இருந்தும் மலேசிய மரங்களில் ஒரு குறை இருந்தது. குலையைப் பிரித்தால் உள்ளே காய் பிடிக்காத வெற்றிடம், சூம்பல் காய்கள். இளம் மரங்களில் இது இன்னும் மோசம். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் வெவ்வேறு பாளையில், வெவ்வேறு காலத்தில். ஆகவே மகரந்தம் இன்னொரு மரத்தில் இருந்து வரவேண்டும். காற்றுத்தான் கொண்டுவருகிறது என்று நிபுணர்கள் நம்பினார்கள். காற்று சரியாக வேலை செய்யாத இடத்தில் மனிதர்களை வைத்தார்கள்.

எங்களைப் பிடித்து நிறுத்திய இடம் இதுதான். ஆண் பாளையைப் பையால் மூடி மகரந்தம் சேர்க்கவேண்டும். அதை உலர்த்தி, டால்கம் பவுடரோடு கலந்து, ஊதுகுழாயில் போட்டு, விரிந்திருக்கும் பெண் பூவைத் தேடித் தேடி ஊதவேண்டும். பெண் பூ ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். ஆகவே ஒவ்வொரு மரத்தையும் சில நாளுக்கொரு தடவை திரும்பச் சுற்றிப் பார்க்கவேண்டும். ஒரு ஹெக்டேயரில் 140 மரமளவில் நிற்கும். மட்டையின் அடியெல்லாம் முள். சும்மாவா முள்ளுத்தேங்காய் எண்டு பேர்! தோட்டங்களில் இருந்த தமிழ்ப் பெண்களும் இந்த வேலையில் இருந்தார்கள். குனிந்து முள்ளுக்குள் கையை விட்டு, ஒரு மரத்துக்குக் காற்றாகவும் வண்டாகவும் நின்ற வேலை அது. கம்பனிக் கணக்கில் அது ஒரு செலவு வரி மட்டும்தான்.

யூனிலீவர் தோட்டங்களில் இருந்த லெஸ்லி டேவிட்சன் கமரூனிலும் வேலை பார்த்தவர். அங்கே யாரும் பூ ஊதுவதில்லை, ஆனால் குலை நிறையக் காய் பிடிக்கும். ஆண் பூக்களில் சின்னஞ்சிறு வண்டுகள் மொய்ப்பதை அவர் கண்டிருந்தார். காற்றில்லை, வண்டுதான் என்ற அவருடைய சந்தேகத்தை நிபுணர்கள் எடுபடவிடவில்லை. 1970களின் கடைசியில்தான் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் கமரூனில் ஆராய்ந்து அதை உறுதிப்படுத்தினார். செய்தி எளிமையானது. ஆண் பூவில் சோம்பு மாதிரி ஒரு வாசம். வண்டு அதிலேயே தின்று, முட்டையிட்டு, பெருகும். பெண் பூவும் கொஞ்ச நேரம் அதே வாசத்தை விடும். ஏமாந்து போய் இறங்குகிற வண்டின் உடம்பில் மகரந்தம் ஒட்டியிருக்கும். அவ்வளவுதான்.

வேறு பயிர்களைத் தாக்காது என்று பரிசோதித்த பிறகு, 1981 பெப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் பகுதித் தோட்டமொன்றில் வண்டுகளை விட்டார்கள். ஓரிரு வருசத்துக்குள் அவை தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டன. குலைகள் கனத்தன, சூம்பல் குறைந்தது. 1981 இல் சுமார் 28 இலட்சம் தொன்னாக இருந்த மலேசிய பாம் எண்ணெய் உற்பத்தி அடுத்த வருசம் 35 இலட்சம் தொன் அளவுக்குப் போனது. புதிதாகக் காய்க்கத் தொடங்கிய மரங்களும் இதில் அடக்கம்தான், எல்லாப் பெருமையையும் வண்டுக்கே கொடுக்க ஏலாது. 1983 இல் திரும்பவும் 30 இலட்சத்துக்கு விழுந்தது. அளவுக்கு மிஞ்சிக் காய்த்த மரம் களைத்துவிட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம். எடுத்த அளவுக்குப் பொட்டாசியமும் மற்றச் சத்துகளும் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது கணக்கில் ஏறியது. மரத்தின் களைப்பைப் பற்றி எழுதியவர்கள் நிறையப்பேர். குலையின் பாரம் கூடினால் அதை வெட்டித் தூக்குகிற ஆளின் முதுகைப் பற்றி எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பூ ஊதுகிற வேலை இல்லாமலே போனது. அந்த வேலையே கொடுமையானதுதானே, போனது நல்லதுதானே என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். சரிதான். ஆனால் மிச்சம் பிடித்த காசு கூலியாகவா திரும்பி வந்தது? செம்பனைக்கு இறப்பரைவிட ஆள் குறைவாகப் போதும். இறப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும், நகரத்தை ஒட்டியவை வீட்டுத்திட்டங்களாகவும் மாறியபோது, தலைமுறையாக லயத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேறவேண்டி வந்தது. வீடு வேலையோடு ஒட்டியிருந்ததால் வேலை போனால் வீடும் போகும். மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வசனத்தை விளக்கத் தேவையில்லை.

மரத்துக்கும் நோயில்லாமல் இல்லை. கனோடெர்மா என்ற பூஞ்சை அடிமரத்தை உள்ளேயே அழுகவைக்கும். வெளியே தெரியவரும்போது காலம் கடந்துவிடும். நம்பகமான மருந்து இன்னும் இல்லை. பழைய அடிக்கட்டைகளை அகற்றாமல் மறுநடுகை செய்த நிலத்தில் அது திரும்ப வரும், பழைய தென்னங்காணிகளில் இன்னும் மோசமாக. எலிக்கு ஆந்தை வளர்க்கிறார்கள், அது வேற கதை.

கடைசியாக ஒன்று. கொஞ்சக் காலமாக, முக்கியமாகச் சபா, சரவாக் பக்கங்களில், காய் பிடிப்புத் திரும்பவும் குறைகிறது என்ற முறைப்பாடுகள் வருகின்றன. ஆண் பூ குறைந்த இளம் தோட்டங்களில் வண்டுக்கும் இருக்க இடமில்லை. அதனால் பெட்டிகளில் வண்டை வளர்த்து, மகரந்தம் தூவி வெளியே விடுகிறார்கள். சில தோட்டங்களில் கையால் ஊதுகிற வேலையும் திரும்பி வந்திருக்கிறது. சபாவில் அந்த முள்ளுக்குள் போகிற கைகள் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியாவில் இருந்து வந்தவர்களுடையவை.