கிரீடம் வைத்த சுதந்திரப் பதக்கம்

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் படையில் இருந்ததற்காகவே கிடைத்த பதக்கம் அது. சண்டை போட்டிருக்க வேண்டியதில்லை, காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. அன்றைக்குப் படையின் பட்டியலில் பேர் இருந்தால் போதும். பார்க்க வெள்ளி மாதிரி இருக்கும், ஆனால் செம்பும் நிக்கலும் கலந்தது. காவி, வெள்ளை, பச்சை மூன்றும் பக்கம் பக்கமாக ஓடும் நாடா. ஒரு முகத்தில் அசோகச் சிங்கங்கள். மறுமுகத்தில் தர்மச்சக்கரம், அதன் தலைக்கு மேல் பிரிட்டிஷ் கிரீடம், சுற்றிலும் ஆறாம் ஜார்ஜின் விருதாவளி. இந்தியா அப்போது இன்னும் குடியரசாகவில்லை. அதனால் நம் சுதந்திரத்துக்கான பதக்கத்தையும் 1948 ஜூலையில் அந்த மன்னர் பெயரால்தான் நிறுவ வேண்டியிருந்தது.

தாமிரபரணிக் கரைக்கு இது வந்த வழி இரண்டாம் உலகப் போர். தென்னாட்டார் போருக்கு உதவாத சாதியார் என்று வெள்ளைக்காரத் தளபதிகள் தீர்ப்பெழுதி, மதராஸ் படைப்பிரிவுகளை 1920களில் கலைத்துவிட்டிருந்தார்கள். ஜெர்மனியும் ஜப்பானும் நெருக்கியதும் 1941இல் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. காரும் பிசானமும் விளையும் வயல்கள் சொந்தமாக உள்ளவர்களுக்கு ஊரில் பிழைப்பு உண்டு. இல்லாதவர்களுக்கு இலங்கைத் தோட்டம் இருந்தது, இப்போது பட்டாளமும் சேர்ந்தது. போய்த் திரும்பியவர்களின் ட்ரங்குப் பெட்டியில் 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், போர்ப் பதக்கம் ஆகியவற்றோடு, 1947இலும் படையில் நீடித்திருந்தால், இந்தக் கிரீடப் பதக்கமும் சேர்ந்துகொண்டது. விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் வெட்டியிருக்கும். 

இந்த வட்டாரத்துக்குப் பதக்க வரலாறு அதற்கு முன்பே உண்டு. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. பர்மிங்காம் அருகே சோஹோ நாணயச்சாலையில் செய்யப்பட்ட அதில், பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியை அமுக்கிக்கொண்டிருக்கும். தங்கம், வெள்ளிக்குத் தங்க முலாம், வெள்ளி, வெண்கலம், தகரம் என ஐந்து தரம். தங்கம் மேலிடத்துக்கு, தகரம் சாதாரணச் சிப்பாய்க்கு. அதே ஆண்டு அக்டோபரில் இங்கே கயத்தாற்றில் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மார்ச்சில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கம்பெனித் தளபதி மெக்காலே முறியடிக்கப்பட்டார். மே மாதம் அக்னியூ பெரும்படையோடு வந்துதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அரைநூற்றாண்டு கழித்து, 1851இல், பழைய போர்களுக்காக ‘ஆர்மி ஆஃப் இந்தியா’ பதக்கம் வந்தபோது அதன் பட்டியல் 1803இலிருந்துதான் தொடங்கியது. பாளையக்காரர் போர் அதில் இல்லை. எந்தப் போர் தகரத்துக்காவது தகும் என்பதைப் போரின் கடுமை முடிவு செய்வதில்லை, அதை ஊருக்குச் சொல்லிக்கொள்ள அரசுக்கு விருப்பமா என்பதே முடிவு செய்கிறது.

உலோகத்துக்கும் ஒரு விதி உண்டு. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் போரிட்டவருக்கு நல்ல வெள்ளியில் கிடைத்தது. மூட்டை சுமந்த இந்திய, சீன, மால்டா தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். வெள்ளி விலை ஏறிய காலங்களில் உலகெங்கும் அந்த வெள்ளிப் பதக்கங்கள் உருக்குவதற்குப் போயின. நிக்கல் கலந்த சுதந்திரப் பதக்கத்துக்கு அடகுக்கடையில் மதிப்பில்லை. அதனாலேயே அது பெட்டியில் தங்கிவிட்டது.

பதக்கம் பெருகினால் மதிப்புக் குறையும் என்ற கவலை இரண்டாம் உலகப் போரின்போதே இருந்தது. 1944 மார்ச்சில் சர்ச்சில் பாராளுமன்றத்தில் இதைப் பேசினார். எல்லோருக்கும் கொடுத்தால் கிடைத்தவருக்கு அருமை இல்லை, சிலருக்கே கொடுத்தால் கிடைக்காதவருக்கு மனக்குறை, பதக்கம் மின்னும்போதே நிழலையும் விழச் செய்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பிரிட்டிஷார் ஒரு கணக்குப் போட்டார்கள். எத்தனை களம் கண்டாலும் ஒருவர் வாங்கும் ஸ்டார்களுக்கு உச்சவரம்பு. பர்மா, பசிபிக் இரண்டுக்கும் உரியவருக்கு முதலில் ஈட்டிய ஸ்டார் மட்டுமே. மற்றது அதன் நாடாவில் தைக்கும் சிறு உலோகப் பட்டியாகச் சுருங்கியது.

சுதந்திர இந்தியாவில் கிரீடப் பதக்கத்துக்கு வாரிசுகள் பிறந்தன. 1972இல் 25ஆம் ஆண்டுப் பதக்கம், 1997இல் 50ஆம் ஆண்டுப் பதக்கம், பிறகு 75ஆம் ஆண்டுக்கும் ஒன்று. இவை தவிர 9, 20, 30 ஆண்டுப் பணிக்குத் தனித்தனிப் பதக்கங்கள். 1990 வாக்கில் சேர்ந்து 24 ஆண்டு பணியாற்றிய ஒரு ஹவில்தாரை எடுத்துக்கொள்வோம். 9 ஆண்டு, 20 ஆண்டு, 50ஆம் ஆண்டு என மூன்று. காஷ்மீரில் இருந்திருந்தால் சைன்ய சேவா பதக்கம். 1999இல் கார்கில் போருக்குப் படை திரண்டபோது ஆபரேஷன் விஜய், 2001–02இல் எல்லையில் நின்றதற்கு ஆபரேஷன் பராக்ரம், பனிமலைக்கு ஹை ஆல்டிடியூட். ஏழு நாடா ஆயிற்று. இவற்றில் வீரச்செயலுக்கென்று ஒன்றுகூட இல்லை. ஊருக்கு வந்தால் மார்பு நிறைந்திருக்கிறது, பார்ப்பவர்கள் ஏழு சண்டை என்று எண்ணுகிறார்கள்.

அமெரிக்கர்களை ஒப்பிட்டால் நாம் சிக்கனம்தான். 1983இல் கிரெனடாத் தீவுக்குப் போன அவர்களுடைய தரைப்படையினர் 7,000 பேருக்கும் குறைவு. கொடுத்த பதக்கங்களோ 8,600க்கு மேல். ஆரம்பப் பயிற்சியை முடித்தாலே ஒரு ரிப்பன் என்று 1981 முதல் அங்கே வழக்கம். நம்மிடம் வீர விருதுகளின் கதவு இன்னும் குறுகலாகவே இருக்கிறது. 1950இல் நிறுவிய பரம்வீர் சக்கரத்தை இதுவரை பெற்றவர்கள் 21 பேர். அதன் நாடா ஊதா நிறத்தில் கோடே இல்லாதது. பிரிட்டிஷ் காலத்திலும் அப்படித்தான். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிஞ்ஞானோவில், வெடிக்கப்போகும் கண்ணிவெடி மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். அவருக்கு வீர விருதான ஜார்ஜ் கிராஸ். அந்தக் களத்தில் இருந்த மற்றவர்களுக்கு இத்தாலி ஸ்டார். இரண்டும் நாடாவில் தொங்குபவைதான், ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் யாருக்கும் விளங்கும். அந்தத் தூரம் தெரியும்வரை வருகைப் பதக்கத்தால் கேடில்லை.

வருகைக்கும் மரியாதை வேண்டும் என்பேன். நாங்குநேரி வட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் இயங்குகிறது. கடலடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் இடம். அங்கே வேலை செய்பவருக்குக் குண்டடி படாது, பெயரும் வெளியே வராது. அவர் இத்தனை வருடம் இருந்தார் என்று சொல்ல ஒரு நாடா இருந்துவிட்டுப் போகட்டும்.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. நாடா அணியும் உரிமை உத்தரவிலேயே வந்துவிடும், பதக்கம் வந்துசேர வருடக்கணக்காகும். அணிவகுப்பு நாளில் பலர் கன்டோன்மென்ட் கடையில் காசு கொடுத்து நகல் வாங்கிக் குத்திக்கொள்கிறார்கள். அறிவிக்கச் செலவில்லை என்பதால் அறிவிப்பு பெருகுகிறது, அடித்துக் கொடுக்கச் செலவு உண்டு என்பதால் அது தள்ளிப்போகிறது. சைன்ய சேவாவில் ஒரே நாடா வைத்து, ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா, அந்தமான் என்று பணி செய்த இடத்துக்கு ஒரு பட்டி சேர்க்கும் நல்ல வழக்கம் நம்மிடமே இருக்கிறது. ஆண்டுவிழாக்களையும் பணிக்காலத்தையும் அதேபோல ஒரு நாடாவில் அடக்கிவிடலாம். அப்படி மிஞ்சும் ஒவ்வொன்றையும், 1947ஆம் ஆண்டுப் பதக்கத்துக்குச் செய்தது போல, விளிம்பில் பெயர் வெட்டி, ஆள் பணியில் இருக்கும்போதே கையில் கொடுக்கவேண்டும் என்று விதி வையுங்கள். அடித்துக் கொடுக்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்தால், எத்தனை பதக்கம் தேவை என்று அரசே எண்ணிப் பார்க்கத் தொடங்கும்.